பல் அறுவைக்குப் பிறகு ஹோமியோபதி: வாடிக்கையாளர்கள் அறிய வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் பிறந்தால் எங்கள் திருவனந்தபுரம் கிளையில் ஓய்வூதியர்களின் கூட்டம் மிகுந்துவிடும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வருவோர் முகமன் கூறி, ஊர்ச் செய்தி பேசிச் செல்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த ஒரு பெரியவர், நாங்கள் நலம் விசாரித்தபோது வாய் திறக்கவில்லை. பணமெடுப்புச் சீட்டு ஒன்றை எடுத்து அதன் பின்புறத்தில், "பல் எடுத்து ஐந்து நாள். வாய் திறக்க முடியவில்லை" என்று எழுதிக் காட்டினார். இடப்பக்கக் கன்னமும் தாடையின் அடிப்பகுதியும் வீங்கியிருந்தன. சட்டைப் பையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. அதில் வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள்.

ஐந்து நாள்களுக்கு என்று பல் மருத்துவர் எழுதிக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை அவர் ஒரே நாளில் நிறுத்தியிருந்தார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது காரணம். அதற்கு மாற்றாக, உறவினர் ஒருவர் சொன்ன ஆர்னிகாவையும் ஹைபெரிகத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நீரிழிவும் உண்டு. அன்றே ஆட்டோவில் அழைத்துச் சென்று மருத்துவமனையில் சேர்த்தோம். தொற்று தாடைத் தசை வரை பரவியிருந்தது என்றும், இரத்தச் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது என்றும் அங்கே கூறினர்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்தவர்கள். ஆயினும், மருத்துவச் செலவுக்காக வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே முறிக்க வரும் வாடிக்கையாளர்களை நாள்தோறும் காண்கிறோம். அவற்றுள் சில செலவுகள் தவிர்த்திருக்கக் கூடியவை. பல் அறுவைக்குப் பின் ஹோமியோபதி மருந்து எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் அடிக்கடி எழுவதால், இதுபற்றி உறுதியாகத் தெரிந்த செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நம் நகரும் ஹோமியோபதியும்

ஹோமியோபதிக்கு இந்நகரில் நீண்ட வரலாறு உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஸ்ரீமூலம் சபையில் 1928-ஆம் ஆண்டிலேயே டாக்டர் எம்.என். பிள்ளை முன்வைத்த தீர்மானத்தின் பேரில் இம்மருத்துவ முறை ஏற்பு பெற்றது. ஐராணிமுட்டத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி 1983-இல் தொடங்கப்பட்டது. மாநில அரசின் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் கேரளம் முழுவதும் இயங்குகின்றன. மறுபுறம், கேரளத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரியும் இங்கேயே 1959-இல் அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டி அமைந்தது. எனவே சாலை, கரமனை, வலியசாலை, கோட்டை போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர், காலையில் பல் மருத்துவரிடம் பல்லை எடுத்துவிட்டு மாலையில் ஹோமியோபதி மருந்தகத்துக்குச் செல்வது புதுமையான காட்சி அன்று.

அரசின் ஏற்பு பெற்ற முறை என்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட மருந்து பயன் தருகிறது என்று ஆய்வில் நிறுவப்பட்டிருப்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் குழப்பம் நேர்கிறது.

உருண்டையில் என்ன இருக்கிறது?

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-இல் இம்முறையின் அடிப்படைக் கருத்தை வெளியிட்டார். 'ஆர்கனான்' என்ற அவரது நூல் 1810-இல் வந்தது. நலமாக உள்ளவரிடம் எந்தப் பொருள் ஓர் அறிகுறியைத் தோற்றுவிக்கிறதோ, அதையே மிகமிகச் சிறிய அளவில் கொடுத்தால் அதே அறிகுறியுள்ள நோய் நீங்கும் என்பது அவரது கொள்கை.

குப்பியின் மேல் '30' என்றோ '30 சி' என்றோ எழுதியிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். மூலப்பொருள் ஒரு பங்குடன் 99 பங்கு சாராயமோ நீரோ சேர்த்துக் குலுக்குவது ஒரு படி. அவ்வாறு கிடைத்த கரைசலிலிருந்து ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கு சேர்ப்பது இரண்டாம் படி. இப்படி முப்பது முறை செய்தால் 30 வீரியம். கணக்கிட்டால், 1-க்குப் பின் 60 சுழியங்கள் இட்டு எழுதும் எண்ணில் ஒரு பங்கு என்றாகும். பன்னிரண்டாம் படியைக் கடக்கும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைந்துவிடுகிறது. மூலக்கூறுகளின் எண்ணிக்கை முதன்முதலில் மதிப்பிடப்பட்டது 1865-இல். ஹானிமன் 1843-இலேயே காலமாகிவிட்டார். ஆகவே 30 வீரிய உருண்டையில் நாம் உட்கொள்வது பெரும்பாலும் சர்க்கரையே. அதில் மூலப்பொருளால் தீங்கு வராது என்பதற்கும் காரணம் இதுவே.

ஆனால் 'தாய்த் திரவம்' எனப்படும் 'மதர் டிங்சர்', 'க்யூ' என்று குறிக்கப்படுவது, அப்படியன்று. அது மூலிகையின் செறிந்த சாராயச் சாறு. குறைந்த வீரிய மருந்துகளிலும் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

வழக்கத்தில் உள்ள மருந்துகள்

பல் அறுவைக்குப் பின் ஹோமியோபதியில் வழக்கமாகக் கூறப்படும் பெயர்கள் சிலவே. அடிபட்ட வலிக்கும் வீக்கத்துக்கும் ஆர்னிகா. நரம்பு வழியே பாயும் வலிக்கு ஹைபெரிகம். கத்தி பட்ட காயத்துக்கு ஸ்டாஃபிசாக்ரியா. எலும்பை மூடிய சவ்வின் வலிக்கு ரூட்டா. இரத்தக் கசிவுக்கு பாஸ்பரஸ். சீழ் கட்டினால் ஹெப்பார் சல்ஃப். வாய் கொப்பளிக்கக் காலெண்டுலா. இவை அம்முறையின் மருந்துநூல்கள் கூறும் பயன்களே தவிர, ஆய்வில் நிறுவப்பட்ட பயன்கள் அல்ல.

ஆய்வுகள் கூறுவது

ஞானப்பல் எனப்படும் கடைசிக் கடைவாய்ப்பல்லை எடுத்தல் இத்தகைய ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது. ஒரே மனிதரின் இருபக்கங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான அறுவை நடப்பதால், ஒரு பக்கத்துக்கு மருந்தும் மறுபக்கத்துக்கு அதே தோற்றமுள்ள வெறும் உருண்டையும் கொடுத்து ஒப்பிட முடியும். நார்வேயில் 24 பேரிடம் இவ்வாறு நடத்தப்பட்ட ஆய்வு 1995-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. எது மருந்து, எது வெறும் உருண்டை என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. வலி, வீக்கம், வாய் திறக்கும் அளவு ஆகியவற்றில் ஹோமியோபதிக்கு எந்த மேன்மையும் காணப்படவில்லை.

அதற்கு முன்னரே 1984-இல், ஞானப்பல் எடுத்த 118 பேரிடம் ஆர்னிகா, மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, வெறும் மாத்திரை ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. மெட்ரோனிடசோல் பயன் தந்தது. ஆர்னிகா வெறும் மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை. வேறு சில அறுவைகளுக்குப் பின் நடந்த சிறிய ஆய்வுகளுள் ஒன்றிரண்டு இலேசான பயனைக் காட்டியதுண்டு. ஆனால் எல்லா ஆய்வுகளையும் ஒருசேரப் பரிசீலித்த ஆஸ்திரேலிய தேசிய நலவாழ்வு மற்றும் மருத்துவ ஆய்வுக் கழகம், எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. இங்கிலாந்தின் பொது நலவாழ்வுத் துறை 2017-இல் இம்மருந்துகளை எழுத வேண்டாம் என்று தன் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது.

"எனக்கு மூன்றாம் நாள் குறைந்ததே" என்று கூறும் அன்பர்கள் பலர். அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆனால் அந்த வரவு எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதே கேள்வி. அதற்குக் காயம் ஆறும் கால ஒழுங்கை அறிய வேண்டும்.

காயம் ஆறும் நாள் கணக்கு

பல் எடுத்த குழியில் முதல் சில மணி நேரத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. குழிக்கு இயற்கை இடும் கட்டு அதுவே. வீக்கம் உடனே உச்சம் அடைவதில்லை. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மிகுந்து, பின்னர் தானே வடியத் தொடங்கும். தையல் இட்டிருந்தால், கரையாத நூலை ஏறத்தாழ ஏழாம் நாளில் பிரிப்பர். ஈறு மூன்று நான்கு வாரங்களில் மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிறைவதற்குச் சில மாதங்கள் ஆகும்.

ஆகவே, வீக்கம் கண்டு அஞ்சி இரண்டாம் நாள் எதை உட்கொண்டாலும், மூன்றாம் நான்காம் நாளில் குறைவு தெரியும். அது உருண்டையாயினும் கஷாயமாயினும், ஒன்றும் உட்கொள்ளாவிடினும் அவ்வாறே நிகழும். உடல் செய்த வேலைக்குரிய வரவை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தீமை இதோடு நின்றால் பெரிதில்லை. உடல் தானே சரிசெய்ய இயலாத தொற்று நேரும்போதும் அதே உருண்டையை நம்பிக் காத்திருக்கிறோம் என்பதுதான் ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியவை

செலவில்லாத, பயன் உறுதியான முறைகள் பின்வருமாறு:

1. மருத்துவர் வைத்த பஞ்சுத் துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்கவும். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம்.

2. முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவோ, துப்பவோ, உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கவோ கூடாது. இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும்.

3. முதல் நாள் கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் எடுக்கவும்.

4. மறுநாள் முதல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மெதுவாகக் கொப்பளிக்கவும்.

5. சூடான காப்பி, காரம், முறுக்கு போன்ற கடினப் பண்டங்களை விலக்கவும். ஆறிய கஞ்சி, தயிர்ச்சாதம், மசித்த இட்லி ஆகியவை உகந்தவை.

6. புகைபிடித்தலையும் வெற்றிலை, புகையிலையையும் தவிர்க்கவும். குழி காய்ந்துபோவதற்குப் புகை ஒரு முக்கியக் காரணம்.

7. எழுதிக் கொடுத்த மாத்திரைகளை எழுதிய நாள் வரை உட்கொள்ளவும். ஒத்துக்கொள்ளாவிட்டால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரை அழைத்துக் கேட்கவும். மாற்று மாத்திரை உண்டு. எங்கள் பெரியவர் செய்யத் தவறியது இந்த ஒரு தொலைபேசி அழைப்பே.

ஹோமியோபதியும் எடுத்துக்கொள்ள விரும்பினால்

நம்பிக்கை உள்ளவர்களை நாங்கள் தடுக்க விழையவில்லை. உயர் வீரிய உருண்டைகளை மற்ற மருந்துகளுக்குத் துணையாக எடுத்துக்கொள்வதால் தீங்கு நேர வாய்ப்பில்லை. ஆயினும் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை.

முதலாவது, அவை எந்த மாத்திரைக்கும் மாற்று அல்ல. இதய நோய்க்காகவோ பக்கவாதத்துக்காகவோ இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்போர், பாஸ்பரஸ் இருக்கிறது என்று எண்ணி அம்மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அம்மருந்து எடுப்பதைப் பல் மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. நீரிழிவுக்கும் எலும்புத் தேய்வுக்கும் மருந்து எடுப்போர் பல் எடுப்பதற்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கான சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடும்.

இரண்டாவது, தாய்த் திரவத்தைத் திறந்த காயத்தில் இடக்கூடாது. ஆர்னிகாவின் செறிந்த சாறு உட்கொள்ளத் தக்கதன்று. ஹைபெரிகம் மூலிகைச் சாறு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உள்ளிட்ட பல மருந்துகளின் வேலையைக் குலைக்கும்.

மூன்றாவது, முத்திரையிட்ட, உற்பத்தியாளர் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் உள்ள மருந்தையே வாங்கவும். கேட்டு இரசீதும் பெறவும். அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது தரப்பட்ட சில ஹோமியோபதி மாத்திரைகளில், அட்டையில் குறித்ததைவிட மிகுதியான பெல்லடோனா நச்சு இருந்ததை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் உறுதிசெய்தது. நீர்த்த மருந்து என்ற எண்ணத்தில் அட்டையைப் பாராமல் விடலாகாது.

நான்காவது, இரு மருத்துவர்களிடமும் உண்மையைக் கூறவும். பல் மருத்துவர் எழுதிய சீட்டை ஹோமியோபதி மருத்துவரிடம் காட்டினால், பட்டம் பெற்று முறையாகப் பதிவு செய்தவர் அதை நிறுத்தச் சொல்லமாட்டார். நிறுத்தச் சொன்னால் அதையே எச்சரிக்கையாகக் கொள்க.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

இப்பகுதியைக் கத்தரித்து வீட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் நன்று.

— அரை மணி நேரம் துணி கடித்து அழுத்தியும் நிற்காத இரத்தம்.

— மூன்றாம் நாளுக்குப் பிறகும் குறையாமல் வளரும் வீக்கம். காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்.

— இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் காது வரை பாயும் கடும் வலியும் வாய் நாற்றமும். இது 'டிரை சாக்கெட்' எனப்படும் காய்ந்த குழியாக இருக்கலாம். பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி விரைவில் தணியும்; உருண்டைகளோடு போராடத் தேவையில்லை.

— வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமை, நாக்கின் அடியிலோ தாடையின் கீழோ கட்டியான வீக்கம், மூச்சுத் திணறல். இந்நிலையில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. தொற்று கழுத்துக்குப் பரவி மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும்.

— உதடோ நாக்கோ மறுநாளும் மரத்தே இருத்தல்.

— மூன்று வாரம் கடந்தும் ஆறாத குழி அல்லது வாய்ப்புண்.

கடைசி அறிகுறி குறித்து நம் மாவட்டம் உலகுக்கே ஒரு பாடம் தந்துள்ளது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். புகையிலை, மது ஆகியவற்றில் ஒன்றோ இரண்டுமோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு சுமார் 34 விழுக்காடு குறைந்தது என்று அதன் முடிவு 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. உரிய காலத்தில் வாய் திறந்து காட்டுவதொன்றே உயிர் காத்தது. ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் உருண்டை சாப்பிட்டுக் காத்திருப்பது அந்த வாய்ப்பை இழப்பதாகும்.

செலவும் காப்பீடும்

பெரும்பாலான நலவாழ்வுக் காப்பீட்டு ஒப்பந்தங்களில், விபத்தால் நேர்ந்து மருத்துவமனையில் தங்கிச் செய்வதைத் தவிர, பல் சிகிச்சை விலக்கப்பட்டுள்ளது. பல் தொற்று பரவி மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் கோரிக்கை ஏற்கப்படுமா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. எனவே கையொப்பமிடும் முன் விலக்குகள் பகுதியைப் படிக்கவும். புரியாத இடத்தைக் கிளையில் கேட்கவும்.

ஹோமியோபதி உள்ளிட்ட ஆயுஷ் சிகிச்சைகளுக்கு மற்றச் சிகிச்சைகளுக்கு இணையான காப்பீடு அளிக்க வேண்டும் என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிவுறுத்தல் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இது பொதுவாக மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். மருந்தகத்தில் வாங்கும் குப்பிக்கு இழப்பீடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கோரிக்கை மறுக்கப்பட்டு, நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிடில், கேரள வாடிக்கையாளர்கள் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

நலவாழ்வுக் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்கள், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால், மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமான வரிக் கழிவு கோர இயலும். அச்செலவு ரொக்கமாகச் செலுத்தப்பட்டிருக்கக் கூடாது. ஆகவே பல் மருத்துவரின் கட்டணத்தை அட்டை வழியாகவோ கணக்கிலிருந்து நேரடியாகவோ செலுத்தி, இரசீதைப் பத்திரப்படுத்தவும்.

எங்கள் பெரியவர் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். எழுபது வயது கடந்தவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் வீடு தேடிச் சென்று சேவை அளிக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. அதன்படி எங்கள் அலுவலர் ஒருவர் மருத்துவமனைக்கே சென்று அவரது வாழ்நாள் சான்றிதழைப் பெற்றுவந்தார். ஓய்வூதியம் ஒரு மாதமும் தடைப்படவில்லை. உடல்நலக் குறைவால் கிளைக்கு வர இயலாத வாடிக்கையாளர்கள் எவரும் இச்சேவையைக் கோரலாம்.

மறு மாதம் அவர் கிளைக்கு வந்தபோது சட்டைப் பையில் அந்தக் குப்பி அப்படியே இருந்தது. "விடவில்லையா, சார்?" என்று கேட்டோம். "இது மனதுக்கு" என்றார். பிறகு பையிலிருந்து மற்றொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு மாத்திரையும் மிச்சமில்லாமல் தீர்ந்துபோன நுண்ணுயிர்க்கொல்லி அட்டை அது. "இது தாடைக்கு" என்றார்.